எதிர்த்தரப்பைச் சொன்னவர்

அமலநாதனுக்குப் பக்கவாதம் என்று போன் வந்ததும் அன்பழகன் துடித்துப்போனார். அது உண்மையான துக்கம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு மூலக்குளம் வீட்டிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இந்திரா காந்தி சிலை சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோதுதான் இரண்டாவது நினைப்பு வந்தது. இனிமேல் கூட்டத்தில் இவன் பேச மாட்டான். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடிக்கும்வரை அன்பழகன் அந்த நினைப்பை விட்டு நகரவில்லை.

கூட்டம் என்றால் கட்சிக் கூட்டம் இல்லை. முத்தியால்பேட்டையில் ரிச்சர்ட் என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கொஞ்சம் பேர் கூடுவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வங்கியில் இருந்தவர்கள், பழைய மில் தொழிலாளிகள், எப்போதாவது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள். சோசலிசம் என்பது முதலாளித்துவத்துக்குப் பிறகு வருவதா, அதை ஒழித்துவிட்டு வருவதா, அதற்குள்ளேயே இருப்பதா என்ற கேள்வியை வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் வருவார்கள், போகிறவர்கள் போவார்கள். கடைசியில் அது அமலநாதனுக்கும் அன்பழகனுக்கும் நடக்கிற சண்டையில்தான் வந்து நிற்கும்.

அன்பழகன் வில்லியனூருக்கு மேற்கே கரும்பும் நெல்லும் போட்ட குடும்பத்துப் பிள்ளை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்து, பொருளாதாரத்தில் எம்.ஏ. வாங்கி, டவுனில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அதே வாரம் அங்கே சேர்ந்தவர் அமலநாதன். முத்தியால்பேட்டைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பஞ்சாலையில் மேஸ்திரி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் பிரெஞ்சு சரளமாக வரும். இருவருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேசை.

அன்றைக்கே தொடங்கிவிட்டது. அமலநாதனின் சட்டை சாயங்காலம் வரை இஸ்திரி கலையாமல் இருக்கும். அன்பழகனின் சட்டை முதல் மணி அடிப்பதற்குள் பஸ் நெரிசலில் பிழிந்து போட்டதுபோல் ஆகியிருக்கும். அது போகட்டும். சோசலிசத்தைப் பற்றி ஐரோப்பாவில் எழுதியவர்களை அமலநாதன் பிரெஞ்சிலேயே படித்துவிட்டு வகுப்பில் சொல்வார். அன்பழகன் அதே புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலகத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் அமலநாதனைப் பாரீசுக்கு ஆராய்ச்சிக்கு அழைத்தார்கள். அந்த வருஷம் அவருடைய வகுப்புகளையும் அன்பழகன்தான் சேர்த்து எடுத்தார். திரும்பி வந்தபோது அமலநாதன் அவருக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கி வந்தார். நல்ல கோட்டு. அன்பழகன் அதை ஒரு மழைக்கும் போடவில்லை.

தேர்வுத்தாள் திருத்துவதுதான் பெரிய வதை. பிள்ளைகள் அமலநாதன் சொன்னதையே எழுதி வைத்திருக்கும். பதில் சரியாக இருந்தால் மார்க் போட்டுத்தானே ஆக வேண்டும்? சிவப்பு மையால், தன் கையாலேயே, தாள் தாளாக அமலநாதனுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விடுதலை கிடையாது. மனைவி அமிர்தவல்லி பெரிய மார்க்கெட்டில் அமலநாதனையும் அவர் மனைவியையும் பார்த்ததாகச் சொல்வார். காய்கறிப் பையை அவரே தூக்கிக்கொண்டு வருகிறார் என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லவும் தேவையில்லை.

அவர்கள் சண்டைக்கு ஊரிலிருந்த ஒரு பஞ்சாலைதான் எப்போதும் உதாரணம். முதலாளி நடத்தினார், நஷ்டம் என்று கைவிட்டார். அரசாங்கம் எடுத்து நடத்தியது. கடைசியில் அரசாங்கமும் இழுத்து மூடியது. முதலாளி போய் அரசாங்கம் வந்தபோது உள்ளே என்ன மாறியது என்று கேட்பார் அன்பழகன். அதே சங்கு, அதே ஷிப்ட், அதே சூப்பர்வைசர். போர்டு மட்டும் புதுசு. சொத்து யார் பேரில் இருக்கிறது என்பதை வைத்து சோசலிசத்தை அளக்க முடியாது. உத்தரவு யார் போடுகிறார் என்று பார்க்க வேண்டும். புரட்சி நடந்த நாடுகளிலும் நாட்டையே ஒரு மில்லாக்கி அரசாங்கம் ஒரே முதலாளியாக உட்கார்ந்துகொண்டது. வேலை செய்கிறவர்கள் முடிவெடுக்கத் தொடங்கும் இடத்தில் முதலாளித்துவம் முடிகிறது, சோசலிசம் தொடங்குகிறது. இரண்டும் கலக்காது.

கலக்கும் என்பார் அமலநாதன். கலந்துதான் இருக்கிறது, நீ பார்க்க மாட்டேன் என்கிறாய் என்பார்.

வங்கியில் இருந்த காத்தவராயன் இரண்டையும் ஏற்க மாட்டார். விலை என்று ஒன்று இல்லாவிட்டால் யாருக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அரசாங்கத்துக்கும் தெரியாது, தொழிலாளர் கமிட்டிக்கும் தெரியாது என்பது அவர் வாதம். அப்போது மட்டும் அமலநாதனும் அன்பழகனும் ஒன்று சேர்ந்துகொண்டு அவரைப் பிடிபிடி என்று பிடிப்பார்கள். சூடு அதிகமானால் ரிச்சர்ட் டீ கொண்டுவந்து வைப்பார். "என் கடையில நான்தான் சார் முதலாளி, நான்தான் தொழிலாளி. ஸ்ட்ரைக் பண்ணா யாரைப் பார்த்துக் கோஷம் போடறது, சொல்லுங்க?" என்பார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளியில் ஒரு பாதிரியாரிடம் கற்றதாகச் சொல்லி அமலநாதன் கொண்டுவந்தது. மறுத்துப் பேசுகிறவர் முதலில் எதிர்த்தரப்பைச் சொல்ல வேண்டும். குறைக்காமல், கேலி செய்யாமல், நான் சொல்ல வந்தது இதுதான் என்று எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் எதிராளி மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. தட்டு விழுந்த பிறகுதான் மறுக்க வாயைத் திறக்கலாம்.

இந்த வழக்கம் அன்பழகனின் வயிற்றெரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றியது. ஏனென்றால் அன்பழகனின் தரப்பை அன்பழகனைவிட அமலநாதன் நன்றாகச் சொல்வார். இவர் வாயில் சாக்குத் துணிபோல் கரடுமுரடாக வரும் வாதம், அவர் வாயில் துவைத்து மடித்த வேட்டிபோல் வரும். இவர் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தவர்கள் அவர் பேசும்போது தலையை ஆட்டுவார்கள். ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. அன்பழகன் மேசையைத் தட்டுவார். மறுநாள் டீக்கடையில் யாராவது, உத்தரவு யார் போடுவது என்று அமலநாதன் சார் நேற்று அழகாகக் கேட்டார் என்பார்கள். அது என் கேள்வி என்று நடுரோட்டில் நின்று கத்தவா முடியும்?

இப்படி இருந்த அமலநாதன்தான் விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரெட்டியார்பாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் வலது காலும் போய்விட்டன. புத்தி அப்படியே இருந்தது. யார் என்ன சொன்னாலும் புரிந்தது. பேச்சு மட்டும் இல்லை. இந்த நோயில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சி நின்றுவிடும். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வரும். அமலநாதனுக்கு மிஞ்சிய சொல் ‘அப்புறம்’. பசித்தால் அப்புறம், ஃபேனை நிறுத்த வேண்டுமென்றால் அப்புறம், கோபம் வந்தால் உரத்த குரலில் அப்புறம்.

அவர் மனைவி லூர்துசெல்வி அழுது நேரத்தைக் கழிக்கிறவர் இல்லை. புரை ஏறாமல் இருக்கத் தண்ணீரைக்கூடக் கெட்டிப்படுத்திக் கரண்டியால் கொடுப்பது, விழுங்கும்போது முகவாயை மார்புப் பக்கம் இறக்கச் சொல்வது, விழுந்த கைக்கு அடியில் தலையணை கொடுப்பது, முதுகு புண்ணாகாமல் நேரத்துக்குப் புரட்டுவது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டார். வீட்டுக்கு முதல் நாள் பார்க்கப் போன அன்பழகன், நண்பரை உட்கார வைக்கிறேன் என்று வலது கையைப் பிடித்துத் தூக்கப் போனார்.

"அந்தக் கையை இழுக்காதீங்கண்ணே, தோள் நழுவிடும். முதுகுக்குப் பின்னால கையைக் குடுத்துத் தூக்குங்க."

அன்பழகன் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு அடிக்கடி போனார். பாதி பிரியம். மீதிப் பாதி, எப்படி இருக்கிறான் என்று பார்க்கும் ஆசை. அங்கே போனாலும் மனசு ஆறவில்லை. எந்தச் சாயங்காலமும் வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு கிடக்கும். பழைய மாணவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பார்கள். பிரான்சிலிருந்து யாரோ வீடியோவில் கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பங்குச் சாமியார் வந்து தலையில் கை வைத்து ஜெபம் சொல்வார். அன்பழகன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவர் அமலநாதன். படுத்தாலும் இவன்தான் பெரிய மனுஷன் என்று எண்ணிக்கொண்டு அன்பழகன் ஆரஞ்சை உரித்தார்.

அந்த நிலையில் ரிச்சர்டின் போன் வந்தது. அடுத்த கூட்டத்தைப் பெரிதாக நடத்தப் போகிறார்களாம். அஞ்சலி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி பல்கலைக்கழகத்திலிருந்து தன் கூட்டாளிகளை அழைத்து வருகிறாள். தலைப்பு, சோசலிசம் முதலாளித்துவத்தின் வாரிசா எதிரியா என்பது. பேச்சைச் சின்னப் புத்தகமாகவும் போடப் போகிறார்கள். பேச்சாளர் ஒருவரே. அன்பழகன்.

தன் வாதம் தன் வாயால், தன் பெயரில், குறுக்கே வேறொருவரின் பளபளப்பு இல்லாமல் ஊர்க் காதில் விழ வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். வயது ஆகிவிட்டது. இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை.

சந்தோஷம் மறுநாள் வரை இருந்தது. மறுநாள் ரிச்சர்ட் மறுபடியும் கூப்பிட்டார். அமலநாதன் சாரும் வர ஆசைப்படுகிறாராம், லூர்துசெல்வி சொன்னாராம். மாடிப்படி ஏற முடியாது என்பதால் கூட்டம் ரெட்டியார்பாளையத்தில், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில். அன்பழகன் நல்லது என்றார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கூட்டத்தை முத்தியால்பேட்டையிலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டானே என்று மனசுக்குள் பொருமினார்.

எழுத உட்கார்ந்தார். வழக்கப்படி முதலில் அமலநாதன் தரப்பு. அது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று வழக்கம் சொல்லவில்லை. முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டாம், ரேஷன், ஈ.எஸ்.ஐ., பென்ஷன் என்று நாலு இடத்தில் ஒட்டுப் போட்டால் போதும், அந்த ஒட்டுக்குப் பெயர்தான் சோசலிசம் என்பது நண்பர் அமலநாதனின் கருத்து என்று எழுதினார். படித்துப் பார்த்தார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு விரலால் தள்ளினால் விழுந்துவிடும். தள்ளும் பத்தியை அவர் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார்.

எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டுமே? எதிராளியிடம் இருப்பது ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மறுக்க முடியாது.

கூடத்தில் நடந்துகொண்டே உரக்கச் சொல்லிப் பார்த்தார். அமிர்தவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அமலண்ணன் இவ்ளோதான் சொன்னாரா?"

"சுருக்கமாச் சொன்னா இவ்ளோதான்."

"இதுக்கா இத்தினி வருஷமா சண்ட போட்டுக்கினு இருந்தீங்க?"

உனக்கு என்ன தெரியும், கீரையைப் பார் என்றார் அன்பழகன். கீரையைத்தான் பார்க்கிறேன் என்று அமிர்தவல்லி சொல்லிவிட்டு, காம்பை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ளினார். அன்பழகன் அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மாடி அறைக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அமலநாதனைப் பார்க்க வந்தவர்கள் என்பது அன்பழகனுக்குத் தெரியும். வரிசையாகப் போய்க் குனிந்து கையைப் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அதன் கைப்பிடிகளுக்குக் குறுக்கே சாப்பிடுவதற்காக ஒரு பலகை மாட்டியிருந்தது. வலது கை ஒரு சின்னத் தலையணை மேல் இருந்தது. இடது கை பலகை மேல் இருந்தது. சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

அன்பழகன் மைக்கைப் பிடித்தார். வழக்கத்தைச் சொல்லிவிட்டு நண்பர் தரப்பைப் படித்தார். ரேஷன், ஈ.எஸ்.ஐ., பென்ஷன், ஒட்டு. முடித்துவிட்டு, மரியாதைக்காக அமலநாதன் பக்கம் திரும்பினார்.

இடது கை அசையவில்லை.

"அப்புறம்," என்றார் அமலநாதன்.

சிலர் இரக்கமாகச் சிரித்தார்கள். ரிச்சர்ட் எழுந்து வந்து மைக்கில் குனிந்தார். "அவரால முடியல போல சார். இந்த ஒரு வாட்டி வழக்கத்தை விட்டுடலாம். நீங்க மேல சொல்லுங்க." சபை தலையை ஆட்டியது. அஞ்சலி பேனாவைத் திறந்தாள். அன்பழகன் அடுத்த தாளைப் புரட்டினார்.

"இடது கை நல்லாத்தாங்க இருக்கு," என்றார் லூர்துசெல்வி. யாரையும் குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. டாக்டர் கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். "காலையில இட்லிய அவரேதான் கரண்டியால எடுத்துச் சாப்பிட்டாரு."

தட்ட முடியாமல் இருக்கிறார் என்று நினைத்தவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, தட்டாமல் இருக்கிறார் என்று. அன்பழகனுக்கு அது முதலிலேயே தெரியும். அந்தக் கண்ணை அவர் எதிர்மேசையிலிருந்து பாதி ஆயுளாகப் பார்த்தவர்.

தாளை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் சேர்த்தார். சட்டம், சங்கம், கூட்டுறவு. முடித்துவிட்டுத் திரும்பினார். இடது கை எழுந்தது. அன்பழகன் அடுத்த தாளுக்கு விரலைக் கொண்டுபோனார். கை மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பலகை மேல் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். காத்தவராயன் பின்வரிசையிலிருந்து, "விடமாட்டார்யா அவரு," என்றார்.

அன்பழகன் தாளை மேசை மேல் போட்டார். மூன்றாவது தடவை கோபத்தில்தான் தொடங்கினார். சரிடா, உனக்கு வேண்டியது இதுதானே, எடுத்துக்கொள் என்பதுபோல்.

முதலாளித்துவம் தன் காலில் தானே நிற்பதாக நினைப்பதுதான் முதல் தப்பு என்றார். மில் வாசலுக்கு வேலைக்கு வருகிற ஆளைப் பெற்று வளர்த்தவளுக்கு மில் சம்பளம் கொடுக்கவில்லை. அவன் காய்ச்சலைப் பார்த்தது பொது ஆஸ்பத்திரி. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தது பொதுப் பள்ளிக்கூடம். சந்தையில் விலைக்கு வராத இத்தனை பொருள்கள் மேல்தான் சந்தை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே முதலாளித்துவம் உயிரோடு இருக்க வேண்டுமானால் சோசலிசத்தைத் தன் வீட்டுக்குள் விட்டே தீர வேண்டும். உள்ளே வந்தது வேலைக்காரன்போல் ஒதுங்கி நிற்பதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊர் மில் தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்து எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். முதலாளித்துவம் அதைக் கொடுத்துவிட்டு அழிந்துபோகவில்லை, தொடர்ந்து நடந்தது. ஆனால் எட்டு மணி நேரம் வேலை பார்த்தவனைத் திரும்பப் பழைய கணக்குக்கு வளைக்கவும் முடியவில்லை. இது ஒட்டு இல்லை. அன்றாடம் நடக்கிற மல்யுத்தம். ஒன்று மற்றொன்றை வளைக்கிறது. வளைந்தது நிமிர்ந்து திருப்பி வளைக்கிறது.

இங்கே அன்பழகனுக்குக் குரல் தணிந்தது. தாளில் இல்லாததெல்லாம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பஞ்சாலை மூடப்பட்டதை வைத்து, அரசாங்க மில் சோசலிசமே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு என்றார். அவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லவில்லை. அமலநாதன் அதை வேறு மாதிரி பார்க்கிறார். மலிவுத் துணி நாலா பக்கமும் விற்கிற சந்தைக்கு நடுவில் சோசலிசத்தின் ஒரு துண்டைத் தனியாக வைத்தால், அது பரவ வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். அது பரவவில்லை. ஆகவே மூடப்பட்டது. சுத்தமான சோசலிசம் வரட்டும் என்று காத்திருக்கிறவன், தான் நிற்பது எதன் மேல் என்று கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்பதே அமலநாதன் சொல்வது.

நிறுத்தினார். பலகையிலிருந்து டக் டக் என்று இரண்டு சத்தம் வந்தது.

கைதட்டல் அதற்குப் பிறகுதான் எழுந்தது. அடங்க நேரமாயிற்று. பழைய மில் தொழிலாளி ஒருவர் எழுந்து நின்று தட்டினார்.

இனி அன்பழகனின் தரப்பு. அவர் தாளை எடுத்தார். தள்ளிவிடுவதற்காக எழுதிய பத்தி ஒட்டுப் போடுவதைக் கேலி செய்தது. ஒட்டு என்ற பேச்சே இப்போது சபையில் இல்லை. அவரே அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். மல்யுத்தத்துக்குப் பதில் எழுதி வரவில்லை. ஆகவே தாள் இல்லாமல் பேசினார். மல்யுத்தம் சரி, களம் யாருடையது, ஆட்டத்தை நிறுத்தும் விசில் யார் வாயில் இருக்கிறது என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு இடத்தில் உதாரணம் தேடித் தடுமாறினார், சபையில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முடித்தபோது கைதட்டல் மரியாதையாக இருந்தது.

அஞ்சலி ஓடி வந்தாள். "சார், அமலநாதன் சாரோட பார்வையை இவ்ளோ தெளிவா நான் எங்கயும் கேட்டதில்ல. புத்தகத்துல அதைத்தான் முதல்ல வைக்கப் போறோம்."

"என்னுது?"

"அதுவும் வருது சார். பின்னால."

அன்பழகன் சரிம்மா என்றார். சக்கர நாற்காலியை வீடு வரை தானே தள்ளிக்கொண்டு போனார். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் நாற்காலியில் இருந்தவருக்கு வணக்கம் வைத்தார்கள். வழியெல்லாம் ஒரே நினைப்பு அவரை அரித்தது. இது பிரெஞ்சைப் பார்த்து, பாரீசைப் பார்த்துப் பட்ட பொறாமை மாதிரி இல்லை. அதைவிட ஆழமாக இறங்கியது. இவன் வாய் போய்விட்டது, ஆனாலும் இவன் தரப்பைச் சொல்ல நான் இருக்கிறேன். குறைத்துச் சொன்னால் திரும்பச் சொல்ல வைக்கவும் இவனுக்கு ஒரு கை மிச்சம் இருக்கிறது. என் தரப்பைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் இந்த நாற்காலியில் ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு யார் இருக்கிறார்கள்?

இப்படி ஓர் எதிராளி கிடைத்த அதிர்ஷ்டமும் இவனுக்குத்தானா!

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் போனார். லூர்துசெல்வி அவரிடம் நோயாளியை ஒப்படைத்துவிட்டு, குடிக்கக் கேட்டால் கெட்டி மோர்தான், வெறும் தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். அன்பழகன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். கல்லூரியில் உட்கார்ந்ததுபோலவே, நடுவில் அந்தப் பலகை.

"நாதா, அன்னைக்கு உன் தரப்ப நான் சொன்னேன். இன்னைக்கு என் தரப்ப நீ சொல்லணும். உனக்கு வாயில்ல. வாய் என்னுது, பேச்சு உன்னுது. கேட்டுக்கினு இரு."

தொடங்கினார். தன் வாதத்தைத் தன்னைப்போல் சொல்லாமல் அமலநாதன் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லிப் பார்த்தார். நிதானமாக, கையை விரிக்காமல், ஒரு ஆளைக் காட்டி. அமலநாதன் எதையும் ஓர் ஆளைக் காட்டித்தான் தொடங்குவார். எந்த ஆள் என்று யோசித்தபோது அமலநாதனின் அப்பா நினைவுக்கு வந்தார். அதே பஞ்சாலையில் மேஸ்திரி. எந்தத் தறியில் நூல் அறுந்துபோகும் என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியுமாம். ஆனால் மேலே கேட்காமல் தறியை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம். அறுந்த பிறகு திட்டு மட்டும் அவருக்காம். அமலநாதன் கல்லூரி அறையில் எப்போதோ சொன்ன கதை.

"எங்கப்பாவுக்குத் தெரியும், ஆனா சுவிட்ச் அவர் கையில இல்ல. சுவிட்ச் யார் கையில இருந்ததோ அவனுக்குத் தெரியாது. முதலாளி போயி அரசாங்கம் வந்தப்புறமும் எங்கப்பா கைக்கு அந்த சுவிட்ச் வரல. அன்பழகன் சொல்றது இதைத்தான். அந்தச் சுவிட்ச் எங்கப்பா கைக்கு வர்ற அன்னைக்குத்தான் அது சோசலிசம். அதுக்கு முன்ன அதுக்கு என்ன பேரு வச்சாலும் அது பேர்தான்."

நிறுத்தினார். இத்தனை வருஷமாகத் தான் சொல்ல நினைத்தது இதுதான். இவ்வளவு சின்னதாக, இவ்வளவு நேராக அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இந்த மேஸ்திரி கண் எதிரிலேயே இருந்தார். அமலநாதனின் அப்பா என்பதாலேயே அவரைத் தன் வாதத்துக்குள் கூப்பிட அன்பழகனுக்கு மனம் வந்ததில்லை. இப்போது வந்ததும் அமலநாதனின் குரலில்தான் வந்திருக்கிறது. வாயே இல்லாமல்கூடத் தன் தரப்பை அவன்தான் நன்றாகச் சொல்கிறான்.

எதிரே அமலநாதன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி இப்போது தட்ட வேண்டியவர் அன்பழகன்.

"அப்புறம்," என்றார் அமலநாதன்.

"இருய்யா," என்றார் அன்பழகன். பலகையை ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குக் கொஞ்ச நேரம் காக்க வைத்தார்.